பிரித்துப் பூட்டிய வரலாறு

90களின் பின்பாதியில் மலேசியாவில் தொடக்கப்பள்ளிக்குப் போனவர்களிடம் ‘தமியா’ என்று சொன்னால் போதும். உள்ளங்கை அளவு வண்டி, இரண்டு சின்ன பேட்டரி, சுற்றிச் சுற்றி வரும் பிளாஸ்டிக் தடம். சுவிட்சைத் தட்டி விட்டால் அதுபாட்டுக்கு ஓடும். திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கூடவே ஓடி, தடத்தைவிட்டுப் பறக்கும்போது பொறுக்கி எடுக்கலாம். அவ்வளவுதான் நம் அதிகாரம். தமியா என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. வண்டிக்கே அதுதான் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அதை எனக்கு வாங்கித் தந்தவர் மாமா. மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் தரையில் உட்கார்ந்து வண்டியைப் பூட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது குட்டிடா. இதோட அப்பன் ஒன்னு இருக்கு. ரிமோட்ல ஓடும், மண்ணுல ஓடும். நான் கடை கண்ணாடி வழியா பார்த்திருக்கேன்,” என்றார். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கதை இல்லை. 1986இல் தொடங்கிய ரேசர் மினி ஃபோர் டபிள்யூ டி வரிசையின் முதல் வண்டிக்குப் பெயர் ஹாட்ஷாட் ஜூனியர். ஜூனியர் என்று ஒருவன் இருந்தால் சீனியர் ஒருவர் இருந்தாக வேண்டுமே. இருந்தார். 1985இல் வந்த ஹாட்ஷாட், உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரமும் உந்தித் தள்ளும் ரேடியோ கட்டுப்பாட்டு வண்டி. அதேபோல பூமராங் ஜூனியருக்கு ஒரு பூமராங், அவாந்தே ஜூனியருக்கு ஒரு அவாந்தே. மினி வண்டிகளின் அந்த முதல் தலைமுறை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெரிய வண்டிகளின் நிழல்.

2025 ஜூலையில் ஷுன்சாகு தமியா தம் 90ஆவது வயதில் காலமானார். அந்தப் பெயரை உலகத்துக் கடைகளில் எல்லாம் கொண்டுபோய் வைத்தவர் அவர். செய்தியைப் படித்தபோது மாமா சொன்ன ‘அப்பன்’ ஞாபகம் வந்தது. அந்த அப்பன்கள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன்.

மரக்கடையும் பேட்டரியும்

ஷுன்சாகுவின் தந்தை யோஷியோ தமியா, 1946இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரில் தொடங்கியது ஒரு மரக்கடை. அடுத்த ஆண்டு மரத்தில் மாதிரிக் கப்பல், விமானம் செய்யும் பிரிவு ஒன்று அதோடு சேர்ந்தது. 1953இல் கட்டட மரம் விற்பதை விட்டுவிட்டு, இனி மாதிரிகள் மட்டுமே என்று முடிவெடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் மாதிரிகள் மரத்தை ஓரங்கட்டின. 1960இல் தமியாவும் பிளாஸ்டிக்கில் இறங்கி ‘யமாட்டோ’ போர்க்கப்பலைச் செய்தது. அதே கப்பலை இன்னொரு நிறுவனம் குறைந்த விலைக்கு விற்றதால் அது அடிபட்டுப்போனது.

அடுத்து வந்த பேந்தர் டாங்கிதான் நிறுவனத்தை நிமிர வைத்தது. அந்த டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அடங்கும்படி உடம்பைச் செய்து முடித்து, பிறகு உண்மை டாங்கியோடு ஒப்பிட்டால் 35இல் ஒரு பங்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் ராணுவ மாதிரிகளுக்கு அதுதான் வழக்கமான அளவு. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த எண் இல்லை அது. ஒரு பேட்டரியின் பருமன் வைத்த எண்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த வண்டிகளிலும் இதே குணம்தான் ஓடுகிறது. வெளியே உண்மை வண்டிபோல அச்சு அசலாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு மோட்டார் நிஜமாகவே ஓட வேண்டும். இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் நடந்த இழுபறிதான் மொத்த வரலாறும்.

70களில் 12இல் ஒரு பங்கு அளவில் போர்ஷே 934 மாதிரி செய்ய முடிவானது. அதற்காக ஷுன்சாகு ஒரு நிஜ போர்ஷே 911ஐயே வாங்கிப் பிரித்துப் போட்டார், பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று என்பது மாதிரி செய்பவர்கள் நடுவில் அலுக்காமல் சொல்லப்படும் கதை. அந்தப் போர்ஷேயின் உடம்புக்குள் மோட்டாரையும் ரேடியோவையும் வைத்து 1976இல் வெளியிட்டதுதான் தமியாவின் முதல் ரேடியோ கார். வழவழப்பான தரையில் மட்டும் ஓடும். மண்ணுக்கு இறங்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

மண்ணில் இறங்கிய ஆமை

மண்ணில் ஓடும் வண்டியின் மூலக்கதை ஜப்பானில் இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிறது. 1964இல் புரூஸ் மேயர்ஸ் என்ற படகு கட்டுபவர், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை எடுத்து அதன்மேல் கண்ணாடியிழையில் செய்த திறந்த தொட்டி போன்ற உடம்பைக் கவிழ்த்தார். ‘மேயர்ஸ் மேங்ஸ்’ என்று அதற்குப் பெயர். 1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் ‘மெக்சிகன் 1000’ பந்தயத்தில் அப்படியொரு மேங்ஸ்தான் 27 மணி 38 நிமிடத்தில் ஓடி முதலில் வந்தது.

ஆமைபோல முதுகு வளைந்த பீட்டில் பாலைவனத்தில் ஜெயித்ததற்குக் காரணம் இருக்கிறது. இயந்திரம் பின்னால் இருப்பதால் எடையின் பெரும்பகுதி உந்தும் சக்கரங்களின்மேல் அழுந்தும், மணலில் பிடிப்பு கிடைக்கும். காற்றால் குளிரும் இயந்திரம் என்பதால் வழியில் தண்ணீர் கொதித்து நிற்கும் பிரச்சினை இல்லை. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ‘பக்கி’ என்று பெயர் வந்தது. நம் வீடுகளில் பக்கி என்றால் அது ஒரு திட்டு. “சோத்துக்கு அலையுற பக்கி” என்போம். மண்ணுக்கு அலைகிற பக்கி என்று வைத்துக்கொள்ளலாம்.

1979இல் தமியா இரண்டு பக்கிகளைக் கொண்டுவந்தது. ஒன்று ஒற்றை இருக்கை வண்டியான ரஃப் ரைடர். இன்னொன்று பாலைவனத்துக்காக வெட்டித் திருத்திய பீட்டில் உருவத்தில் சேண்ட் ஸ்கார்ச்சர். இரண்டுக்கும் அடியில் ஒரே சட்டகம். முன் சக்கரங்களைத் தாங்கும் கைகள் நிஜ ஃபோக்ஸ்வேகனில் இருப்பதுபோலவே உலோகத்தில் வார்க்கப்பட்டவை. ரேடியோ பாகங்களைத் தண்ணீரும் தூசும் தொடாதபடி ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். பொம்மைக்கு அவ்வளவு தேவையில்லை. பொம்மை செய்கிறோம் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு சிறு விலங்குப் பண்ணையே உருவானது. 1982இல் கியோஷோ என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் ‘ஸ்கார்ப்பியன்’ விட்டது, தேள். 1983இல் தமியாவின் ‘ஃப்ராக்’, தவளை. 1984இல் ‘கிராஸ்ஹாப்பர்’, வெட்டுக்கிளி. அதே ஆண்டு ‘ஹார்னெட்’, குளவி. 1985இல் ‘ஃபாக்ஸ்’, நரி. இவற்றில் மாமா கண்ணாடி வழியாகப் பார்த்தது குளவியை. கறுப்பு உடம்பு, பெட்டியின்மேல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாயும் ஓவியம். அவருக்கு அப்போது இருபது சொச்சம் வயது, பட்டறையில் எடுபிடி.

“உள்ள போயி விலை கேட்டேன். பெட்டிக்கு ஒரு விலை சொன்னான். அப்புறம் ரிமோட் தனி, பேட்டரி தனி, சார்ஜர் தனின்னான். நான் எல்லாத்தையும் கூட்டிப் பார்க்கல. கூட்டுனா இன்னும் வருத்தமா இருக்கும்ல?”

தாழ்ந்த விலை, தளர்ந்த பின்பக்கம்

குளவியும் வெட்டுக்கிளியும் தொடக்கநிலை வண்டிகள். மலிவாகச் செய்ய வேண்டும் என்பதற்காக அவற்றின் சட்டகத்தையே ஒரு பிளாஸ்டிக் தொட்டிபோல ஒரே வார்ப்பாக வார்த்திருந்தார்கள். பின்பக்கம் மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் சக்கர அச்சும் சேர்ந்து ஒரே கட்டை. அந்தக் கட்டை மொத்தமாக மேலும் கீழும் ஆடும். இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வலது சக்கரத்துக்கும் அந்தச் சங்கதி போகும். அதனால் வண்டி மேடு பள்ளத்தில் துள்ளும். வெட்டுக்கிளி என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இரண்டும் ஒரே உடன்பிறப்புகள்தான். வெட்டுக்கிளிக்கு 380 வகைச் சின்ன மோட்டார், குளவிக்கு 540 வகைப் பெரிய மோட்டார்.

வேகத்தைக் கட்டுப்படுத்திய விதம் இன்னும் வேடிக்கை. ஒரு சின்ன மோட்டார் கை, செப்புத் தகடுகளின்மேல் ஊர்ந்து போகும். ஒரு தகட்டில் நின்றால் மின்சாரம் ஒரு மின்தடையின் வழியே போய் வண்டி மெதுவாக ஓடும். கடைசித் தகட்டுக்குப் போனால் முழு வேகம். மெதுவாக ஓட்டினால் மிச்ச சக்தி எல்லாம் அந்த மின்தடையில் சூடாகப் போகும். தொட்டால் கை சுடும். தகட்டில் தூசு படிந்தால் வண்டி விக்கும். அதைத் துடைக்க வண்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் வேறு ஏதாவது கண்ணில் படும். இப்படித்தான் ஒருவன் மெக்கானிக் ஆகிறான்.

இன்னொரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய ரேடியோக்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. அந்த வரிசைக்குள் ஆறு தடங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு படிகம், ஒரு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரே நிறப் படிகம் வைத்த இருவர் ஒரே திடலில் ரிமோட்டைப் போட்டால், ஒருவர் திருப்புவது இன்னொருவர் வண்டியைக் குழப்பும். முழு வேகத்தில் போகும் வண்டி சொன்ன பேச்சு கேட்காமல் சுவரில் போய் மோதும். ஆகவே திடலுக்கு வந்ததும், சுவிட்சைத் தொடுவதற்கு முன், முன்பின் தெரியாதவனிடமும் போய், “உன் கலர் என்ன?” என்று கேட்டாக வேண்டும். பேசிக்கொள்ளாமல் ஓட்டவே முடியாது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் தாங்களாகவே ஒன்றையொன்று விலக்கிக்கொள்கின்றன. கேள்வியும் போய்விட்டது.

ஜெயித்த வண்டி

1984இல், வெட்டுக்கிளியும் குளவியும் வந்த அதே ஆண்டில், கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ‘ஆர்சி10’ என்றொரு பக்கியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ரோஜர் கர்டிஸ். பொன்னிறம் ஏற்றிய அலுமினியச் சட்டகம், நீளமான கைகள், எண்ணெய் நிரப்பிய அதிர்வுத் தாங்கிகள். அது எந்த நிஜ வண்டியின் மாதிரியும் இல்லை. மண் தடத்தில் வேகமாக ஓட எது தேவையோ அது மட்டும் அதில் இருந்தது.

அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் டெல் மாரில் இந்த அளவு மண் வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இரு சக்கர உந்து பிரிவில் ஜே ஹால்சி ஆர்சி10ஐ ஓட்டி ஜெயித்தார். நான்கு சக்கரப் பிரிவில் கில் லோசி ஜூனியர் யோகோமோ வண்டியில் ஜெயித்தார். தமியா எங்கும் இல்லை. 1988இல் தமியா அவாந்தேயைக் கொண்டுவந்தது. விலை உயர்ந்தது, நுணுக்கமானது, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் பந்தயத் தடத்தில் அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அதன் குட்டியான அவாந்தே ஜூனியர்தான் பிள்ளைகள் கையில் பேர் வாங்கியது.

முதலில் நான் இதை ‘உண்மையான வண்டி தோற்றது, வெறும் வேகம் ஜெயித்தது’ என்று எழுதத்தான் நினைத்தேன். அது நியாயமில்லை. ஆர்சி10ம் பெட்டியில் பாகங்களாகத்தான் வந்தது, அதையும் ஒருவன் உட்கார்ந்துதான் பூட்டினான். இன்று அதைக் கொண்டாடுகிறவர்களும் குறைவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பந்தய வண்டி ஏற்கெனவே தெரிந்தவனை நோக்கிப் பேசுகிறது. வெட்டுக்கிளி ஒன்றுமே தெரியாதவனை உட்கார வைத்துப் பேசுகிறது. அதன் குறைகள்கூடப் பாடமாக இருந்தன. ஏன் துள்ளுகிறது என்று கேட்டவன், குனிந்து பார்த்துப் பதிலைக் கண்டுபிடிக்க முடிந்தது.

திரும்பி வந்தது

2000களில் தமியா பழைய பெட்டிகளை மறுபடியும் அச்சுக்கு அனுப்பியது. 2004இல் குளவி, 2005இல் வெட்டுக்கிளியும் தவளையும், 2007இல் ஹாட்ஷாட், 2009இல் ரஃப் ரைடர் ‘பக்கி சேம்ப்’ என்ற பெயரில், 2010இல் சேண்ட் ஸ்கார்ச்சர். 80களில் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்ற பிள்ளைகள் இப்போது சம்பளம் வாங்குகிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். இது ஏக்கத்தை விற்கும் வியாபாரம் இல்லையா என்று கேட்டால், ஆமாம், அதுவும்தான். ஆனால் சிறுவயதில் வைத்திருந்தவனுக்கு இருப்பது ஏக்கம். வைத்திருக்கவே இல்லாதவனுக்கு இருப்பதை என்னவென்று சொல்வது?

போன ஆண்டு இறுதியில் ஒரு வெட்டுக்கிளியை வாங்கினேன். பெட்டியின் ஓரத்தில் ‘பிலிப்பைன்ஸில் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தது. தமியாவுக்கு செபுவில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஷிசுவோகாவின் கனவை இப்போது நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வார்த்துக் கொடுக்கிறார்கள். குளவிதான் வாங்க நினைத்தேன், கடையில் இல்லை. மாமாவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. “எதா இருந்தா என்ன, ரெண்டும் ஒரே அடிதானே,” என்றார். நாற்பது வருடம் முன்பு கண்ணாடி வழியாகவே அதையும் கவனித்திருக்கிறார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றிப் பேசும்போது ‘பாவம், படிக்காதவரு’ என்ற வார்த்தை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பல்கலைக்கழகம் போன பிறகு நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

பூட்டும் புத்தகத்தை நான் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். மாமா அதை என்னிடமிருந்து வாங்கி, படங்களை மட்டும் புரட்டினார். தமியாவின் அந்தப் புத்தகங்களில் திருகாணிகளை நிஜ அளவிலேயே வரைந்திருப்பார்கள். எது எந்தத் திருகாணி என்று சந்தேகம் வந்தால், கையில் இருப்பதை எடுத்துக் காகிதத்தில் உள்ள படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். நீளம் பொருந்தினால் அதுதான். ஒரு வார்த்தை படிக்க வேண்டியதில்லை. மாமா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்து, பொருந்தியதும் ‘ம்’ என்றார்.

“இதை எழுதுனவன் நம்மள மாதிரி ஆளை நெனைச்சு எழுதியிருக்கான்டா.”

நான் பிளாஸ்டிக்கில் ஏறும் திருகாணியை இறுக்கிக்கொண்டே போய், புரி போய்விட்டது. இரும்பைப் போல இதை முறுக்கக்கூடாது, தலை உட்கார்ந்ததும் கை தானாக நிற்க வேண்டும் என்றார் மாமா. பல்சக்கரப் பெட்டியில் கிரீஸை எங்கே, எவ்வளவு வைப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தார். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போக விடுகிற அந்தக் கூம்புப் பல்சக்கரங்களைக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். லாரியிலும் இதேதான், அளவு மட்டும்தான் வேறு என்றார். அந்த இரண்டு நாளில் எங்கள் இருவரில் படித்தவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை வருவதற்குள், தாமானுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் திடலுக்குக் கொண்டுபோனோம். வண்டி நம்மைவிட்டு விலகிப் போகும்போது ஓட்டுவது சுலபம். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். மனதால் போய் வண்டிக்குள் உட்கார்ந்தால்தான் திருப்ப முடியும். மாமாவால் முதலில் முடியவில்லை. வண்டி திரும்பும்போதெல்லாம் அவரும் உடம்போடு திரும்பி நின்றார். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. வெட்டுக்கிளி பெயருக்கேற்றபடி துள்ளி, மேட்டில் எகிறிக் கவிழ்ந்தபோது, அறுபது தாண்டிய மனிதர் ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தார். நான் தொடக்கப்பள்ளியில் ஓடிய அதே ஓட்டம்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்தடியில் பழைய நாளிதழ் விரித்து, வெட்டுக்கிளியின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். திருகாணிகள் புத்தகத்தில் அவற்றின் படங்கள்மேலேயே வரிசையாகப் படுத்திருந்தன.

“நல்லாத்தானே ஓடுச்சு, ஏன் மாமா பிரிச்சீங்க?”

பல் தேய்க்கும் பழைய பிரஷால் பல்சக்கரத்தின் செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“ஓடுனா மட்டும் போதுமா? உள்ள என்ன ஆச்சுன்னு பார்க்க வேணாம்?”